காலித் தரவுத்தளத்தில் 14ஆம் மைக்ரேஷனிலேயே நின்றுவிடுகிறது: ஃபிக்ஸ்சரை மைக்ரேஷனுக்குள் ஏற்றியது தவறா?

மருந்துக்கணக்கு | திங்கள், காலை 11.20

அனைவருக்கும் வணக்கம். மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை நாங்கள் மூவர் சேர்ந்து சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறோம். ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலும் எழுதப்பட்டது. அட்டவணைகளின் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் மைக்ரேஷன் கோப்புகள் இதுவரை 61 சேர்ந்திருக்கின்றன. புரொடக்ஷன் சர்வரில் எந்தச் சிக்கலும் இல்லை. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் புதிய மைக்ரேஷன் மட்டும் ஓடி முடிந்துவிடும்.

இன்று காலை நான்காவதாக ஒருவர் பணியில் சேர்ந்தார். அவருடைய கணினியில் காலியான தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி மைக்ரேட் கட்டளையைக் கொடுத்தோம். 14ஆம் மைக்ரேஷனில், வரிவிகித அட்டவணையில் 'எஃபெக்டிவ்_ஃப்ரம்' என்ற நெடுவரிசை இல்லை என்ற பிழையோடு நின்றுவிட்டது. அந்த நெடுவரிசையை நாங்கள் சேர்த்ததே 58ஆம் மைக்ரேஷனில்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது, எந்த விகிதம் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்பதைக் குறித்து வைப்பதற்காக அதைச் சேர்த்தோம்.

14ஆம் மைக்ரேஷன் செய்வது ஒரே வேலை. வரிவிகிதங்கள் அடங்கிய ஜேசன் ஃபிக்ஸ்சர் கோப்பை (முன்கூட்டியே எழுதி வைத்த தரவுக் கோப்பை) லோட்டேட்டா கட்டளையின் மூலம் அட்டவணையில் ஏற்றுகிறது. இத்தனை காலம் இது எங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், நாங்கள் மூவரும் சோதனைகளை எப்போதும், பழைய சோதனைத் தரவுத்தளத்தையே திரும்பப் பயன்படுத்தும் 'கீப்டிபி' விருப்பத்தோடு ஓட்டி வந்ததுதான் என்று நினைக்கிறேன். சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ சர்வரிலும் பழைய டம்ப் (தரவுத்தள நகல்) ஒன்றை மீட்டெடுத்து அதன்மேல்தான் சோதனைகள் ஓடுகின்றன.

என் கேள்விகள் இரண்டு. ஏற்கெனவே ஓடி முடிந்த ஒரு மைக்ரேஷன் கோப்பை இப்போது திருத்தலாமா? இன்னொன்று, சோதனைகளுக்காக எங்களிடம் உள்ள ஃபிக்ஸ்சர் ஒரே கோப்பாக நான்காயிரம் வரிகளுக்கு மேல் வளர்ந்துவிட்டது. நெடுவரிசை ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் அதையும் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


பழைய டிபிஏ | திங்கள், பகல் 12.05

நண்பரே, திருத்தலாம் என்பது மட்டுமல்ல, இந்த இடத்தில் திருத்தியே ஆக வேண்டும். ஆனால் முதலில் பிழையின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ஜாங்கோவின் மைக்ரேஷன் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட நாளில் உறைந்துபோன ஒன்று. 14ஆம் மைக்ரேஷன் ஓடும் வேளையில், 13ஆவது வரை கட்டப்பட்ட அட்டவணைகள் மட்டுமே தரவுத்தளத்தில் இருக்கும். அதற்கு ஏற்றபடி, அந்த நாளில் மாடல் (அட்டவணையைக் குறிக்கும் பைத்தான் வகுப்பு) எப்படி இருந்ததோ அதே வடிவத்தை ஜாங்கோ தனக்குள் திரும்பக் கட்டி, 'ஆப்ஸ்.கெட்_மாடல்' என்ற வழியில் நமக்குத் தருகிறது. லோட்டேட்டாவுக்கோ இந்த ஏற்பாடு எதுவும் தெரியாது. அது இன்றைய மாடல்ஸ் கோப்பில் உள்ள வகுப்பை நேரடியாக எடுத்துக்கொண்டு, அதில் உள்ள எல்லா நெடுவரிசைகளையும் குறிப்பிட்டுத்தான் எஸ்க்யூஎல் வாக்கியத்தை அமைக்கும். ஆகவே ஜேசன் கோப்பை நீங்கள் தொடாமலே விட்டிருந்தாலும், மாடலில் ஒரு நெடுவரிசை கூடிய அன்றே 14ஆவது உடைந்துவிட்டது. யாரும் காலித் தரவுத்தளத்திலிருந்து தொடங்காததால் அது உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓடி முடிந்த மைக்ரேஷனைத் தொடக்கூடாது என்று எல்லோரும் சொல்வதற்கு நியாயமான காரணம் உண்டு. உங்கள் சர்வரில் ஒரு வரலாறும் புதிய கணினியில் வேறொரு வரலாறும் உருவாகிவிடும் என்ற அச்சம்தான் அது. சில கருவிகள் அதைக் கண்டிப்பாகவே காவல் காக்கின்றன. ஃபிளைவே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (உள்ளடக்கம் மாறினால் மாறும் சரிபார்ப்பு எண்) கணக்கிட்டுத் தன் வரலாற்று அட்டவணையில் எழுதி வைக்கும். நீங்கள் ஒரு எழுத்தை மாற்றினாலும் அடுத்த முறை ஓட மறுத்துவிடும். லிக்விபேஸும் அப்படியே. ஜாங்கோ அந்த அளவுக்குக் கண்டிப்பானது அன்று. 'ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ்' அட்டவணையைத் திறந்து பாருங்கள்: செயலியின் பெயர், கோப்பின் பெயர், ஓடிய நேரம் ஆகியவை மட்டுமே இருக்கும். கோப்புக்குள் என்ன இருந்தது என்பதை அது நினைவில் வைப்பதில்லை. எனவே, ஓடி முடிந்தபின் கிடைக்கும் நிலை முன்பும் பின்பும் ஒன்றாகவே இருக்கும் என்றால், 14ஆவதன் உள்ளடக்கத்தைத் தாராளமாக மாற்றலாம். கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அது புதிய மைக்ரேஷன் என்று கருதப்பட்டுச் சர்வரில் மறுபடி ஓட முயலும்.

லோட்டேட்டாவை எடுத்துவிட்டு, மைக்ரேஷனுக்குள் பைத்தான் நிரலை ஓட்டும் 'ரன்பைத்தான்' ஒன்றை எழுதுங்கள். அதற்குள் கொடுக்கும் செயற்கூறு, தனக்கு வரும் ஆப்ஸ் வழியாக வரிவிகித மாடலைப் பெற்று, அன்று இருந்த விகிதங்களை அந்தக் கோப்பிலேயே ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 'அப்டேட்_ஆர்_கிரியேட்' (இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் உருவாக்கு) செய்யட்டும். திரும்பிச் செல்லும் திசைக்கு, எதுவும் செய்யாத 'நூப்' கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் பின்னோக்கி வரும்போது அந்த இடத்தில் நின்றுவிடும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வரலாற்று மாடலில் நீங்கள் எழுதிய சேவ் முறையோ வேறு சொந்த முறைகளோ இருக்காது. சேவ் செய்யும்போது தானாகக் கணக்கிடப்படும் மதிப்பு ஏதேனும் இருந்தால், அதை நீங்களே அங்கு எழுத வேண்டும்.


சோதனைச்சாவடி | திங்கள், பிற்பகல் 2.40

டிபிஏ ஐயா சொன்ன காரணம் சரியானது. தீர்வில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. வரிவிகிதத்தை மைக்ரேஷனுக்குள் வைப்பதே முறையன்று என்பது என் கருத்து.

மருந்துக்கணக்கு அவர்களின் கோப்புகளில் மூன்று வெவ்வேறு பொருள்கள் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. அட்டவணையின் அமைப்பு ஒன்று. அது காலவரிசையில் நகரும், பழையதைத் திருத்த மாட்டோம். மென்பொருள் இயங்கத் தேவையான அடிப்படைத் தரவு, அதாவது வரிவிகிதங்கள், மாநிலக் குறியீடுகள் போன்றவை இரண்டாவது. இன்றைய நிலவரம் எதுவோ அதுவே அங்கு வேண்டும். சோதனைக்காக நாம் கற்பனை செய்யும் கடைகளும் வாடிக்கையாளர்களும் மூன்றாவது. அவை சோதனை முடிந்ததும் மறைந்துவிட வேண்டும். இந்த மூன்றுக்கும் ஆயுள் வெவ்வேறு. உறைந்த ஒன்றோடு நகரும் ஒன்றைக் கட்டிவைத்ததால்தான் 14ஆவது உடைந்தது.

அடிப்படைத் தரவை ஏற்றத் தனியாக ஒரு மேலாண்மைக் கட்டளை எழுதி, வெளியீட்டின்போது மைக்ரேட் முடிந்தவுடன் அதை ஓட்டுவதே எங்கள் வழக்கம். எத்தனை முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றாகவே இருக்கும்படி அது எழுதப்பட்டிருக்கிறது. அது இன்றைய மாடலையே பயன்படுத்துவதால் அதில் தவறு எதுவும் நேர்வதில்லை, ஏனெனில் அப்போது எல்லா மைக்ரேஷன்களும் ஓடி முடிந்திருக்கும்.

சோதனையின் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் சொல்கிறேன். ஜாங்கோவின் சாதாரண டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு சோதனையையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டி, முடிந்ததும் ரோல்பேக் செய்துவிடும், அதாவது செய்த மாற்றங்களை எல்லாம் திரும்பப் பெற்றுவிடும். டிரான்சாக்ஷன்டெஸ்ட்கேஸ் அப்படியன்று, அது சோதனை முடிந்ததும் அட்டவணைகளையே காலி செய்யும். மைக்ரேஷன் ஏற்றி வைத்த வரிவிகிதங்களும் அந்தத் துடைப்பத்தில் போய்விடும். இதற்காகவே ஜாங்கோ டெஸ்ட்கேஸ் வகுப்புகளை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் ஓட்டுகிறது. ஆனாலும் இரண்டாவது டிரான்சாக்ஷன்டெஸ்ட்கேஸ் வந்தவுடன் அதற்கு விகிதங்கள் கிடைக்காது. 'தனியாக ஓட்டினால் தேறுகிறது, எல்லாவற்றோடும் ஓட்டினால் தோற்கிறது' என்ற புலம்பல்களில் பாதிக்கு இதுவே காரணம். 'சீரியலைஸ்டு_ரோல்பேக்' என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அதை வைத்தால் தரவு திரும்ப வரும், சோதனைகள் மெதுவாகும்.


யாழ் தட்டச்சன் | திங்கள், மாலை 6.15

கணக்கியல் மென்பொருளில் வேலை செய்பவன் என்ற முறையில் ஒரு சொல். இலங்கையில் 2024 ஜனவரி 1 அன்று வற் (மதிப்புக் கூட்டு) வரி 15 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. அன்று எங்கள் நிரலில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு எண். தோற்ற சோதனைகளோ நூற்றுக்கும் மேல். ஏனென்றால் ஒவ்வொரு சோதனையும் ஃபிக்ஸ்சரில் இருந்த உண்மையான விகிதத்தை எடுத்து, 1,150 ரூபாய் வர வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு விதிகளை வைத்துக்கொண்டோம். கணக்கைச் சோதிக்கும் சோதனை தனக்கான விகிதத்தைத் தானே உருவாக்கிக்கொள்ளும். எந்த நாட்டிலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 10 விழுக்காடு என்று வைத்தால் மனக்கணக்காகவே சரிபார்க்கலாம். உண்மையான விகிதம் சரியாக ஏறியிருக்கிறதா என்பதைப் பார்க்க வேறாக ஓரிரு சோதனைகள் மட்டும் இருக்கும். அடுத்தது, விகிதம் மாறும்போது பழைய வரிசையைத் திருத்தாமல் புதிய தேதியோடு புதிய வரிசை சேர்ப்போம். டிசம்பரில் விற்ற பொருள் ஜனவரியில் திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தான் கழிக்க வேண்டும். உங்களுடைய 'எஃபெக்டிவ்_ஃப்ரம்' சரியான யோசனையே.


பழைய டிபிஏ | திங்கள், இரவு 8.30

சோதனைச்சாவடி அவர்களே, தனிக் கட்டளை என்ற உங்கள் வழியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மைக்ரேஷனுக்கே அந்தத் தரவு தேவைப்படும் இடங்கள் உண்டு. பில் அட்டவணையில் முன்பு வெறும் எண்ணாக இருந்த வரியை, விகித அட்டவணையின் வரிசையைச் சுட்டும் வெளிச்சாவியாக மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மைக்ரேஷன் ஓடும்போதே விகித வரிசைகள் அங்கு இருந்தாக வேண்டும். பிறகு வரும் கட்டளைக்காக அது காத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் உறைந்த பட்டியலோடு ரன்பைத்தான் எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. மற்ற எல்லா இடங்களிலும் உங்கள் கட்டளையே மேல்.


மருந்துக்கணக்கு | செவ்வாய், பிற்பகல் 3.10

இருவருக்கும் யாழ் நண்பருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்குப் பயன்படலாம்.

14ஆவதைத் திருத்தியவுடன் அது ஓடியது. உடனே 37ஆவதில் நின்றது. அங்கே யாரோ ஒருவர் (நானேதான்) மருந்துத் தொகுதிகளின் இருப்பைத் திரும்பக் கணக்கிடுவதற்காக, மாடல்ஸ் கோப்பிலிருந்து பேட்ச் வகுப்பை நேரடியாக இம்போர்ட் செய்திருந்தேன். நோய் அதேதான். கெட்_மாடலுக்கு மாற்றியதும், இருப்பைக் கணக்கிடும் என் முறை அந்த வகுப்பில் இல்லை என்றது. அந்த முறையின் அன்றைய வடிவத்தை, நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் வரலாற்றில் தேடி எடுத்து மைக்ரேஷன் கோப்புக்குள்ளேயே ஒட்டினேன். ஒரே நிரலை இரண்டு இடத்தில் வைப்பது மனத்துக்கு ஒப்பவில்லை. ஆனாலும் இன்றைய முறை இன்னும் பிறக்காத இரண்டு நெடுவரிசைகளைப் படிப்பதால் வேறு வழி தெரியவில்லை.

61ஆவது வரை ஓடி முடிந்தது. மகிழ்ச்சியோடு புதியவர் திரையைத் திறந்து புதிய வரிவிகிதம் ஒன்றைச் சேர்த்தார். 'ஐடி 1 ஏற்கெனவே இருக்கிறது' என்று தனித்துவக் கட்டுப்பாடு மீறப்பட்ட பிழை வந்தது. மறுபடி அழுத்தினார்; ஐடி 2 ஏற்கெனவே இருக்கிறது. விடாமல் ஒன்பது முறை அழுத்தினார், பத்தாவது முறை சேர்ந்துவிட்டது. 'இப்போது சரியாகிவிட்டது' என்று என்னிடம் சொன்னார். எனக்குத்தான் சரியாகப் படவில்லை.


பழைய டிபிஏ | செவ்வாய், மாலை 4.00

ஒன்பது முறை அழுத்திய பொறுமைக்கு வணக்கம். உங்கள் பட்டியலில் ஒன்பது விகிதங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஐடியை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், சரிதானே?

போஸ்ட்கிரெஸ்ஸில் அடுத்த ஐடியைத் தருவது சீக்வென்ஸ் என்ற தனிப்பொருள். நீங்கள் ஐடியை வெளிப்படையாகக் கொடுத்து வரிசையைச் சேர்த்தால், சீக்வென்ஸிடம் யாரும் எண் கேட்கவில்லை. அது இன்னும் 1இலேயே நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு முறை அழுத்தியபோதும் சேர்ப்பு தோற்றாலும் சீக்வென்ஸ் ஒரு படி முன்னேறிவிடும், ஏனென்றால் ரோல்பேக் அதைப் பின்னுக்கு இழுப்பதில்லை. பத்தாவது முறை காலியான எண்ணில் போய் விழுந்தது. லோட்டேட்டா இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் இல்லாததற்குக் காரணம், ஏற்றி முடித்ததும் அது சீக்வென்ஸைத் தானே சரிசெய்துவிடும். கையால் எழுதும்போது அந்த வேலை நம் தலையில் விழுகிறது.

'எஸ்க்யூஎல்சீக்வென்ஸ்ரீசெட்' என்ற கட்டளை தேவையான வாக்கியங்களை அச்சிட்டுத் தரும். ஆனால் சிறந்த வழி ஐடியைக் கொடுக்காமலே விடுவது. விகிதத்துக்கு ஒரு குறியீடு வைத்து, அதைத் தனித்துவமாக்கி, அதைக் கொண்டே தேடுங்கள். ஐடி தரவுத்தளத்தின் சொந்த விஷயம். அது எந்த எண் என்று நிரலுக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை.

இதோடு தொடர்புடைய இன்னொரு பொறி: தரவை மாற்றுவதையும் அட்டவணையை மாற்றுவதையும் ஒரே மைக்ரேஷன் கோப்பில் வைக்காதீர்கள். ஜாங்கோ உருவாக்கும் வெளிச்சாவிகள் கமிட் வரை சரிபார்ப்பைத் தள்ளிப்போடும் வகையைச் சேர்ந்தவை. வரிசைகளைத் திருத்தியபின் அதே டிரான்சாக்ஷனில் அந்த அட்டவணையை ஆல்டர் செய்ய (அமைப்பை மாற்ற) முயன்றால், நிலுவையில் டிரிகர் நிகழ்வுகள் இருப்பதாகச் சொல்லிப் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். காலி அட்டவணையில் இந்தப் பிழை வராது என்பதுதான் இதில் வேடிக்கை. உங்கள் கணினியில் தேறும், சர்வரில் விழும். இரண்டு கோப்புகளாகப் பிரித்தால் முடிந்தது.


சோதனைச்சாவடி | செவ்வாய், இரவு 9.25

நான்காயிரம் வரிக் கோப்புக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். அந்தக் கோப்பு, தரவுத்தளத்தில் உள்ளதைக் கோப்பாக எழுதும் டம்ப்டேட்டா கட்டளையால் எடுக்கப்பட்டது என்பது என் ஊகம். அது உண்மையென்றால், எந்தத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர்களின் உண்மையான பெயரும் கைபேசி எண்ணும் அடங்கிய ஃபிக்ஸ்சர் இரண்டு ஆண்டுகள் கிட்டில் கிடந்தது. கோப்பை நீக்கினால் மட்டும் போதாது, வரலாற்றில் அது இருந்துகொண்டேயிருக்கும். இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்ட நிலையில், அதிலும் மருந்து வாங்கியவர் விவரம் என்றால், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்து, அதில் உள்ள தொழில்நுட்பப் பொறிகள். கண்டென்ட்டைப் (மாடல்களின் பட்டியல்), பெர்மிஷன் (பயனர் அனுமதிகள்) ஆகிய இரண்டு அட்டவணைகளையும் ஃபிக்ஸ்சரில் சேர்க்கவே கூடாது. அவற்றை மைக்ரேட் முடிந்தவுடன் ஜாங்கோ தானே நிரப்புகிறது. ஐடிகள் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் வேறுபடும், ஏற்றும்போது மோதும். டம்ப்டேட்டாவில் அவற்றை விலக்கி, ஐடிக்குப் பதில் பெயர், குறியீடு போன்ற இயற்கைச் சாவிகளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். உருவாக்கிய நேரத்தைத் தானாக நிரப்பும் 'ஆட்டோ_நவ்_ஆட்' நெடுவரிசையும் ஃபிக்ஸ்சர் வழியாக வரும்போது நிரம்பாது, ஏனெனில் அங்கு சேமிப்பு, கோப்பில் உள்ளதை அப்படியே எழுதும் 'ரா' முறையில் நடக்கிறது. ஜேசனில் நேரத்தை எழுதாவிட்டால் மதிப்பு இல்லாமல் போய், வெற்று மதிப்பை ஏற்காத கட்டுப்பாட்டில் விழும்.

ஆனால் என் உண்மையான குறை வேறு. சோதனை ஒன்றைத் திறந்து படிக்கிறேன்: வாடிக்கையாளர் 7ஐ எடு, அவருக்கு ஒரு பில் போடு, தொகை இவ்வளவு வர வேண்டும் என்கிறது. ஏன் 7? அவரிடம் என்ன சிறப்பு? அதைத் தெரிந்துகொள்ள 2,300ஆவது வரிக்குப் போக வேண்டும். வேறொருவர் வேறொரு சோதனைக்காக 7ஆமவரின் கடன் வரம்பை மாற்றினால் என் சோதனை விழுகிறது. எல்லோரும் ஒரே சமையலறையில் ஒரே பாத்திரத்தில் சமைப்பது போன்றதுதான் இது.

சோதனைத் தரவை உருவாக்கித் தரும் ஃபேக்டரி_பாய் போன்ற ஒன்றைப் பயன்படுத்தி, சோதனைக்குத் தேவையானதை அந்தச் சோதனையிலேயே உருவாக்குங்கள். கடன் வரம்பு முக்கியம் என்றால் அதை மட்டும் வெளிப்படையாக எழுதுங்கள், பெயர், முகவரி போன்றவற்றை ஃபேக்டரி நிரப்பிக்கொள்ளட்டும். புதிய நெடுவரிசை ஒன்று வந்தால் ஃபேக்டரியில் ஒரு வரி சேர்த்தால் போதும். வகுப்பு முழுவதற்கும் பொதுவானதை 'செட்அப்டெஸ்ட்டேட்டா'வில் வைத்தால் ஒரு முறைதான் உருவாகும், வேகமும் குறையாது. ரெயில்ஸ் (ரூபி மொழிக் கட்டமைப்பு) உலகத்தில் ஃபிக்ஸ்சரா ஃபேக்டரியா என்ற இந்த வாதம் இன்றுவரை தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கு ஃபிக்ஸ்சருக்கு எண்ணுக்குப் பதில் பெயர் வைக்கலாம், எல்லாம் ஒரே முறை ஏறுவதால் வேகமும் உண்டு. ஃபேக்டரிகளோ ஒரு பில்லுக்காகக் கடை, உரிமையாளர், ஊர், மாநிலம் என்று சங்கிலியாக உருவாக்கிக்கொண்டே போகும் அபாயம் உண்டு. அப்படியிருந்தும் என் வாக்கு ஃபேக்டரிக்குத்தான்.


இரவுப்பணி | புதன், காலை 9.50

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் குழுவில் இருவர் தனித்தனி பிராஞ்ச்களில் (நிரலின் கிளைகளில்) வேலை செய்து, இருவருமே 62 என்று தொடங்கும் மைக்ரேஷனை உருவாக்கிவிட்டோம். கிட் மெர்ஜ் எந்த மோதலும் சொல்லவில்லை, சர்வரில் மைக்ரேட் மட்டும் முரண்பாடு என்று நிற்கிறது. எண்ணை மாற்றினால் போதுமா?


பழைய டிபிஏ | புதன், காலை 10.30

எண் வெறும் அலங்காரம். ஜாங்கோ பார்ப்பது, எந்த மைக்ரேஷனுக்குப் பின் ஓட வேண்டும் என்று கோப்புக்குள் சொல்லும் டிபென்டன்சீஸ் பட்டியலை. இருவரும் 61ஐத் தந்தையாகக் காட்டுவதால் மரத்துக்கு இரண்டு நுனிகள் ஆகிவிட்டன. இரண்டும் வெவ்வேறு அட்டவணைகளைத் தொடுகின்றன என்றால், மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை 'மெர்ஜ்' விருப்பத்தோடு ஓட்டினால் இரண்டையும் இணைக்கும் வெற்றுக் கோப்பு ஒன்று கிடைக்கும். அலெம்பிக் என்ற மைக்ரேஷன் கருவியிலும் இதே சிக்கல், இதே மருந்து. உங்களுடையது இன்னும் எந்தச் சர்வரிலும் ஓடவில்லை என்றால், அதை அழித்துவிட்டு, நண்பருடையதன் மேல் புதிதாக உருவாக்குவதே சுத்தமான வழி. இருவரும் ஒரே நெடுவரிசையைத் தொட்டிருந்தால் மெர்ஜ் கோப்பை நம்பாமல் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

கடைசி மைக்ரேஷனின் பெயரை ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி வைக்கும் 'ஜாங்கோ லீனியர் மைக்ரேஷன்ஸ்' என்ற தொகுப்பும் உண்டு. இருவரும் அந்த ஒற்றை வரியை மாற்றுவதால் கிட்டிலேயே மோதல் தெரிந்துவிடும்.


யாழ் தட்டச்சன் | புதன், பிற்பகல் 1.15

மருந்துக்கணக்கு அவர்களுக்கு ஒரு கேள்வி. 58ஆவதில் 'எஃபெக்டிவ்_ஃப்ரம்' நெடுவரிசையைச் சேர்த்தபோது, அது வெற்றாக இருக்கலாம் என்று வைத்தீர்களா, கூடாது என்று வைத்தீர்களா? அந்த வேளையில் சர்வரில் பழைய நிரல் ஓடிக்கொண்டிருந்ததா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. வெற்றாக இருக்கக்கூடாத நெடுவரிசையை இயல்பு மதிப்போடு சேர்த்தால், ஜாங்கோ அந்த மதிப்பைப் பழைய வரிசைகளுக்கு நிரப்பிய கையோடு, தரவுத்தளத்திலிருந்து அந்த இயல்பு மதிப்பை நீக்கிவிடும். இயல்பு மதிப்பு பைத்தானின் பொறுப்பு என்பது அதன் எண்ணம். மைக்ரேஷன் முடிந்து புதிய நிரல் ஏறுவதற்கு இடைப்பட்ட சில நிமிடங்களில், பழைய நிரல் ஒரு வரிசையைச் சேர்க்க முயன்றால், அதற்குப் புதிய நெடுவரிசை இருப்பதே தெரியாது, தரவுத்தளத்திலும் இயல்பு மதிப்பு இல்லை, சேர்ப்பு விழுந்துவிடும். எங்களுக்கு இது பில் அட்டவணையிலேயே நடந்தது. ஜாங்கோ 5.0இல் வந்த 'டிபி_டிஃபால்ட்' இதற்குச் சரியான மருந்து, அது மதிப்பைத் தரவுத்தளத்திலேயே விட்டுவைக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் முதலில் வெற்றாக விட்டுச் சேர்த்து, நிரலை ஏற்றி, வரிசைகளை நிரப்பி, அடுத்த வெளியீட்டில் கட்டுப்பாட்டை இறுக்கலாம்.


பழைய டிபிஏ | புதன், பிற்பகல் 2.20

மிகச் சரி. பூட்டைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸ் 11இலிருந்து, மாறாத இயல்பு மதிப்போடு நெடுவரிசை சேர்ப்பது முழு அட்டவணையையும் திரும்ப எழுதுவதில்லை, நொடியில் முடிந்துவிடும். அதை நம்பி நான் ஒரு முறை மாலை ஏழு மணிக்கு மைக்ரேஷனை ஓட்டினேன். அப்போது யாரோ ஒருவர் நீண்ட அறிக்கை ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். என் ஆல்டர் வாக்கியம் முழுத் தனிப்பூட்டைக் கேட்டு அந்த அறிக்கையின் பின்னால் வரிசையில் நின்றது. எனக்குப் பின்னால் வந்த சாதாரண செலக்ட்கள் எல்லாம் என் பின்னால் நின்றன. நொடியில் முடியும் வேலைக்காக எட்டு நிமிடம் கடை மூடியது போல ஆயிற்று.

அன்றிலிருந்து மைக்ரேஷன் இணைப்பில் 'லாக்_டைம்அவுட்' மூன்று நொடி என்று வைக்காமல் நான் எதையும் ஓட்டுவதில்லை. பூட்டு கிடைக்காவிட்டால் விலகிக்கொண்டு சற்று நேரம் கழித்து மறுபடி முயலலாம். பெரிய அட்டவணையில் இண்டெக்ஸ் போடுவதென்றால், மற்றவர்கள் எழுதுவதைத் தடுக்காத கன்கரன்ட்லி முறையில் போடுங்கள். அது டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது என்பதால் அந்தக் கோப்பில் 'அடாமிக்' என்பதைப் பொய் என்று குறிக்க வேண்டும். நடுவில் முறிந்தால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிச்சமாகக் கிடக்கும், அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.

மைசீக்வெலில் இருப்பவர்களுக்கு இந்த வசதிகூட இல்லை. அங்கு ஆல்டர் ஒவ்வொன்றும் தானாகக் கமிட் ஆகிவிடும். ஐந்து வாக்கியங்களில் மூன்றாவது விழுந்தால் முதல் இரண்டும் அங்கேயே நிற்கும். ஒரு கோப்புக்கு ஒரு மாற்றம் என்று எழுதுவதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.


மருந்துக்கணக்கு | வெள்ளி, மாலை 5.45

யாழ் நண்பருக்கு: வெற்றாக இருக்கலாம் என்றுதான் வைத்தோம். முன்யோசனையால் அன்று, அவசரத்தால்.

இந்த வாரம் செய்து முடித்தவை: சிஐ சர்வரில் டம்ப் மீட்டெடுப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முறையும் காலித் தரவுத்தளத்திலிருந்து 61 மைக்ரேஷன்களையும் ஓட்டச் சொல்லியிருக்கிறேன், ஒன்றரை நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது, பொறுத்துக்கொள்கிறோம். மாடலை மாற்றிவிட்டு மைக்ரேஷனை மறப்பதைப் பிடிக்க, மேக்மைக்ரேஷன்ஸை 'செக்' விருப்பத்தோடு ஓட்டும் படியையும் சேர்த்தாயிற்று. மாநிலக் குறியீடுகளும் இனிமேல் வரும் விகிதங்களும் தனிக் கட்டளைக்குப் போயின. 14ஆவதில் அன்றைய ஒன்பது விகிதங்கள் மட்டும் ஐடி இல்லாமல், குறியீட்டோடு நிற்கின்றன. டிபிஏ ஐயா சொன்னதுபோல 22ஆவதில் வரும் வெளிச்சாவிக்கு அவை உண்மையிலேயே தேவைப்பட்டன. ஸ்குவாஷ் செய்து 61ஐச் சுருக்கலாமா என்றும் யோசித்தோம். தரவை மாற்றும் ரன்பைத்தான்கள் 'எலைடபிள்' (விட்டுவிடலாம்) என்று குறிக்கப்படாவிட்டால் அப்படியே சுருக்கத்துக்குள்ளும் வந்துவிடும் என்று தெரிந்ததால், 37ஆவதுக்கு மட்டும் அந்தக் குறியை வைத்துவிட்டு, சுருக்கும் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறோம்.

ஃபிக்ஸ்சர் கோப்பைப் பார்த்தேன். உண்மையான எண்கள் இருந்தன. எத்தனை என்று இங்கே எழுத விரும்பவில்லை. வரலாற்றிலிருந்தும் நீக்கும் வேலையை இன்று தொடங்கினேன். சோதனைகளை ஃபேக்டரிக்கு மாற்றுவதில் புதியவர் இறங்கியிருக்கிறார், பாதி முடிந்திருக்கிறது.

எங்கள் கோப்பிலும் 7ஆம் எண் வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார், சோதனைச்சாவடி அவர்களே. பதினொரு சோதனைகள் அவரை அழைத்தன. அவற்றில் பத்துக்கு எந்த வாடிக்கையாளரும் போதும். பதினோராவது, பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருந்தால் பில்லில் முகவரி அடுத்த வரிக்குத் தாவிவிடும் என்ற பழைய பிழைக்காக எழுதப்பட்டது. ஜேசனில் அவர் பெயரின் கடைசியில் அந்த இடைவெளி இன்னும் இருக்கிறது. புதியவர் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்து நேற்று நீக்கினார். சோதனை தேறிக்கொண்டேதான் இருந்தது, எதையும் சோதிக்காமல். இப்போது அந்த இடைவெளியைச் சோதனைக்குள்ளேயே எழுதிவிட்டோம்.